பெட்ரோல் 34 சென்ட், பர்கர் 49 சென்ட்... 1968 அமெரிக்கா உண்மையிலேயே பொற்காலமா?

ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் 34 சென்ட். ஒரு பாக்கெட் பிரெட் 22 சென்ட். ஒரு டஜன் முட்டை 53 சென்ட். கடிதம் அனுப்ப ஸ்டாம்ப் 6 சென்ட். அந்த வருடம்தான் நாடு முழுக்க அறிமுகமான மெக்டொனால்ட்ஸின் 'பிக் மேக்' பர்கர் 49 சென்ட்.

1968-ம் ஆண்டு அமெரிக்காவின் விலைப்பட்டியல் இது. பின்னணியில் பீட்டில்ஸ் பாட்டு, நீளமான பழைய கார்கள், மேலே 'அது ஒரு பொற்காலம்' என்ற வரி. ரீல்ஸிலோ வாட்ஸ்அப் ஃபார்வர்டிலோ நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு டாலரில் இவ்வளவா என்று பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

ஆனால், இந்த லிஸ்ட்டில் ஒரு வரி மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகும். அதை வாங்கியவரின் சம்பளம் எவ்வளவு?

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி படித்தால், கதையே வேறு மாதிரி இருக்கிறது. வாங்க, பார்க்கலாம்.

ஒரு மணி நேர வேலைக்கு என்ன கிடைத்தது?

1968 பிப்ரவரி 1-ம் தேதி அமெரிக்க அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலராக உயர்ந்தது. அதாவது, நிமிடத்துக்கு இரண்டரை சென்ட்டுக்குச் சற்று அதிகம். இனி விலையை டாலரில் பார்க்காமல், உழைத்த நிமிடங்களில் பார்ப்போம்.

பிரெட் வாங்க 8 நிமிடம் வேலை செய்ய வேண்டும். ஒரு கேலன் பெட்ரோலுக்கு 13 நிமிடம். பிக் மேக்குக்கு 18 நிமிடம். ஒரு டஜன் முட்டைக்கு 20 நிமிடம். ஒரு கேலன் பால் ஒரு டாலருக்குச் சற்று அதிகம், அதற்கு 40 நிமிடம்.

இன்று அரசு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். 2009-க்குப் பிறகு அது உயரவே இல்லை. பல மாநிலங்கள் தாங்களாகவே அதைவிட அதிகமாக வைத்திருக்கின்றன. அப்படி வைக்காத மாநிலத்தில் இந்தக் கூலிக்கு வேலை செய்பவர் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 25 நிமிடம் உழைக்க வேண்டும். பிக் மேக் சாப்பிட 40 நிமிடத்துக்கும் மேல். விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால், அன்றைய 1.60 டாலர் இன்றைய 14 டாலருக்கும் அதிகமான மதிப்பு கொண்டது. அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலியின் வாங்கும் சக்தி உச்சத்தில் இருந்தது அந்த 1968-ல்தான்.

அப்படியென்றால் பொற்காலம்தானே? அவசரப்பட வேண்டாம்.

டி.வி-க்கு ஆறு வாரம்!

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று 40 நிமிடம் என்றால், இன்று அதே குறைந்தபட்சக் கூலியில் ஏறக்குறைய 33 நிமிடம் போதும். இன்னொரு உதாரணம், கலர் டி.வி. அன்று சாதாரணமாக 300 முதல் 500 டாலர் வரை விலை. 400 டாலர் என்று வைத்துக்கொண்டால் 250 மணி நேர உழைப்பு. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு ஆறு வாரச் சம்பளம் அப்படியே போய்விடும். அதனால் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் பகலில் மூன்று நிமிடம் போனில் பேச, ஏறக்குறைய ஒரு மணி நேரக் கூலி. இன்று நாம் வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசுகிறோம்.

வீடு விஷயம் தலைகீழ். 1968-ல் புது வீட்டின் இடைநிலை விலை 24,700 டாலர். ஒரு குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 8,600 டாலர். மூன்று வருட வருமானத்தைவிடக் குறைவான விலையில் ஒரு வீடு! இன்று நான்கு வருட வருமானத்துக்கும் மேல் தேவை. இன்றைய வீடுகள் அளவில் பெரியவை என்பதும் உண்மைதான். ஆனால், சின்ன வீடு தேடுபவருக்கு அது ஆறுதல் இல்லையே. கல்லூரியும் அப்படித்தான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. 1976 வரை அந்த நிலை நீடித்தது.

கடையில் வாங்கும் மின்சாதனங்கள் மலிவாகிவிட்டன. வாழ்க்கையை நிலைநிறுத்தும் வீடும் படிப்பும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. ரீல்ஸ் பார்த்து அமெரிக்க இளைஞர்கள் ஏங்குவதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

அப்போதும் புலம்பினார்கள்!

பொற்காலத்தில் வாழ்ந்தவர்கள் அதைப் பொற்காலம் என்று நினைத்தார்களா? இல்லை.

1966 அக்டோபரில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்துக் குடும்பத் தலைவிகள், 'விலை குறையும்வரை சூப்பர் மார்க்கெட் பக்கம் வர மாட்டோம்' என்று போராட்டத்தில் இறங்கினார்கள். அது பல நகரங்களுக்கும் பரவியது. அவர்களுடைய கோபத்தில் ஒன்று, கடைகள் கொடுத்த 'டிரேடிங் ஸ்டாம்ப்' மீது. சாமான் வாங்கினால் சின்னச் சின்ன ஸ்டாம்ப் தருவார்கள். புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் டோஸ்டர், விளக்கு என்று ஏதாவது பரிசு வாங்கலாம். 'இந்த இலவசத்தின் செலவும் எங்கள் தலையில்தானே விழுகிறது? ஸ்டாம்ப்பை நிறுத்துங்கள், விலையைக் குறையுங்கள்' என்பது அவர்கள் வாதம். நம் ஊர் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்களின் பயம் வீண்போகவில்லை. 1965-ல் 1.6 சதவிகிதமாக இருந்த பணவீக்கம், 1969-ல் 5.5 சதவிகிதத்தைத் தொட்டது. சமூக நலத் திட்டங்களுக்கும் வியட்நாம் போருக்கும் ஒரே நேரத்தில் அரசு செலவு செய்ததே முக்கியக் காரணம். நிலைமையைச் சமாளிக்க, 1968-ல் வருமான வரி மீது 10 சதவிகித கூடுதல் வரி போட்டார் அதிபர் லிண்டன் ஜான்சன். தொலைதூரப் போரின் செலவு மளிகை பில்லிலும் சம்பளக் கவரிலும் வந்து உட்கார்ந்தது.

சாப்பாட்டு நேரத்தில் போர்

போரின் உண்மையான விலையோ, தினமும் மாலைச் செய்தியில் டி.வி வழியாக வரவேற்பறைக்கே வந்தது. 1968-ல் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

1969 டிசம்பர் 1-ம் தேதி நடந்ததைக் கேளுங்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் 366 நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிறந்த தேதி. எந்தத் தேதி முதலில் வருகிறதோ, அந்த நாளில் பிறந்த இளைஞர்களுக்கு ராணுவத்திலிருந்து முதலில் அழைப்பு வரும். டி.வி-யில் நேரடி ஒளிபரப்பு. முதலில் வந்தது செப்டம்பர் 14. எத்தனை வீடுகளில் பிறந்தநாளைச் சபித்திருப்பார்கள்!

அதே பெட்டியில்தான் புதிய காற்றும் வீசியது. 1968 செப்டம்பரில் என்.பி.சி-யில் தொடங்கிய 'ஜூலியா' தொடரில், கறுப்பினப் பெண்ணான டயான் கரோல் நாயகி. வேலைக்காரி வேடம் இல்லை, நர்ஸ் வேடம். கணவரை வியட்நாமில் இழந்து மகனைத் தனியாக வளர்க்கும் அம்மா. அதே ஆண்டு நவம்பரில், 'ஸ்டார் டிரெக்' தொடரில் வெள்ளைக்கார கேப்டனும் கறுப்பினப் பெண் அதிகாரியும் முத்தமிடும் காட்சி வந்தது. 1969 ஜூலை 20-ல் மனிதன் நிலவில் கால்வைத்ததை உலகமே டி.வி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. நவம்பரில் குழந்தைகளுக்காக 'செசமி ஸ்ட்ரீட்' வந்தது.

வுட்ஸ்டாக் மேடையில் கோவைக்காரர்

1969 ஆகஸ்ட் மாதம், நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊரின் ஒரு பால் பண்ணையில் நடந்தது வுட்ஸ்டாக் இசைத் திருவிழா. மூன்று நாளுக்கு முன்பதிவு டிக்கெட் 18 டாலர், அதாவது குறைந்தபட்சக் கூலியில் 11 மணி நேர உழைப்பு. ஆனால், நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம் திரண்டுவிட, டிக்கெட் பார்க்க வழியே இல்லாமல் திருவிழா இலவசமாகிவிட்டது.

தொடக்க நாளில் மேடையேறி அந்தக் கூட்டத்துக்கு ஆசி கூறியவர் யார் தெரியுமா? கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா! 1966-ல் நியூயார்க் போனவர், யோகா வகுப்புகள் மூலம் அங்கே பிரபலமாகியிருந்தார். அன்று இரவே கொட்டும் மழையில் ரவிசங்கரின் சிதார் ஒலித்தது.

இந்தியர்கள் அமெரிக்காவுக்குக் குடியேற வழி திறந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1965-ல் வந்த குடியேற்றச் சட்டம் 1968-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. நம் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் விமானம் ஏறத் தொடங்கினார்கள். இந்தியாவில் அந்நியச் செலாவணிக்குக் கடும் கட்டுப்பாடு. கையில் எட்டு டாலருடன் வந்து இறங்கினோம் என்று அந்தத் தலைமுறையினர் பலர் சொல்வதுண்டு. அன்று டாலருக்கு ஏழரை ரூபாய். ஊரில் அது 60 ரூபாய், பெரிய தொகை. அங்கே ஐந்து மணி நேரக் குறைந்தபட்சக் கூலி. அவ்வளவுதான்.

அந்த 1.60 டாலர் எல்லோருக்கும் கிடைத்ததா?

பழைய விலைப்பட்டியல் சொல்லாத இன்னொரு விஷயம் இது.

விவசாயத் தொழிலாளிக்கு 1968-ல் சட்டம் கொடுத்தது மணிக்கு 1.15 டாலர் மட்டுமே. அதுவும் பெரிய பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குத்தான். வீட்டு வேலை செய்த பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியே 1974 வரை கிடையாது. முழு நேரம் வேலை பார்த்த பெண்கள், ஆண்கள் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் சுமார் 58 சென்ட் வாங்கினார்கள். கணவர் கையெழுத்து இல்லாமல் கடன் தர முடியாது என்று வங்கிகள் சொல்ல முடிந்தது. கறுப்பினக் குடும்பத்தின் இடைநிலை வருமானம், வெள்ளைக் குடும்பத்தின் வருமானத்தில் சுமார் 60 சதவிகிதம். 24,700 டாலர் வீடு இருக்கட்டும், பணம் இருந்தாலும் விற்க மறுப்பார்கள். அதைத் தடுக்கும் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது.

குறைந்தபட்சக் கூலி உயர்ந்த அதே 1968 பிப்ரவரி 1-ம் தேதி, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் நனையாமலிருக்க குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென இயங்க, இருவரும் உள்ளே சிக்கி இறந்துபோனார்கள்.

அங்கே துப்புரவுத் தொழிலாளர்களில் பலருக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடக் கிடையாது. முழு நேரம் உழைத்தும் அரசு உதவித்தொகை வாங்கும் நிலையில் பலர் இருந்தார்கள். பிப்ரவரி 12-ல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரல் 4-ம் தேதி, அதே ஊரில், தங்கியிருந்த விடுதியின் பால்கனியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஏப்ரல் 16-ல் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. கூலி உயர்வு இரண்டு தவணையாக மணிக்கு 15 சென்ட். அந்த ஊர்த் தொழிலாளி ஒருவர் 15 சென்ட்டுக்கு என்ன வாங்கியிருப்பார்? அன்று ஒரு பாக்கெட் பிரெட்கூட வராது. அந்த 15 சென்ட்டின் விலை எந்த ரீல்ஸிலும் வராது.

அடுத்த முறை இப்படி ஒரு விலைப்பட்டியல் உங்கள் போனுக்கு வந்தால், ரசியுங்கள், தப்பில்லை. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள். 'அப்போ அரிசி என்ன விலை?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'அப்போ உங்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு?' என்றும் கேளுங்கள். நிஜமான கதை இரண்டாவது கேள்விக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.