வண்டி கிடைத்துவிட்டது... ஆனால், போலீஸ் பதிவில் இன்னும் `திருட்டு வண்டி'யா?

திருடுபோன பைக் ஆறு மாதம் கழித்துக் கிடைக்கிறது. கோர்ட்டுக்கு அலைந்து, பத்திரம் எழுதிக் கொடுத்து வீட்டுக்கும் கொண்டுவந்தாயிற்று. ஒருநாள் இரவு, வாகனச் சோதனையில் நம்பரைத் தட்டிப் பார்க்கும் காவலர், ``இது திருட்டு வண்டியாச்சே!'' என்று ஓரங்கட்டச் சொன்னால்..? வண்டி வீடு திரும்பினாலும், பதிவு தானாக மாறிவிடாது. அதை மாற்றவைக்கும் வேலை பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது.

பதிவு எங்கே போகிறது?

புகார் கொடுத்ததும், பாரதிய நியாய சன்ஹிதா 303-வது பிரிவில் எஃப்.ஐ.ஆர் போடப்படும். அது, நாடு முழுக்கக் காவல் நிலையங்களை இணைக்கும் `சி.சி.டி.என்.எஸ்' நெட்வொர்க்கில் ஏறும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் `வாகன் சமன்வய்' என்ற தேடல் வசதி, திருடுபோன வண்டிகளையும் போலீஸாரிடம் சிக்கிய வண்டிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது.

நம்பர் பிளேட்டைத் திருடர்கள் நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். அதனால் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்தான் வண்டியின் உண்மையான அடையாளம். இதில் ஓர் எழுத்து பிசகினாலும், வேறு மாநிலத்தில் கிடைத்த வண்டி உங்களுடையது என்பதே தெரியாமல் போகலாம். எனவே, ஆர்.சி-யைக் கையில் வைத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர் நகலைச் சரிபாருங்கள்.

எப்படி நீக்குவது?

வண்டி கிடைத்ததும், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு இடைக்காலமாகத் திரும்பப் பெறலாம். பறிமுதல் வண்டிகளைக் காவல் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்து, எஃப்.ஐ.ஆர் போட்ட காவல் நிலையத்துக்கு கோர்ட் உத்தரவின் நகலோடு போய், `வண்டி மீட்கப்பட்டது' என்று பதிவைத் திருத்தும்படி எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள். வேறு ஊர் போலீஸார் மீட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். போக்குவரத்துத் துறையின் `வாகன்' தளம் தனி. அங்கேயும் தடை போடப்பட்டிருந்தால், ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தனியாக நீக்க வேண்டும். இல்லையென்றால், பின்னாளில் பெயர் மாற்றம் செய்யும்போது சிக்கல் வரும். பதிவு திருத்தப்படும்வரை கோர்ட் உத்தரவின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆன்லைன் சேவையில், பதிவு எண், இன்ஜின், சேஸிஸ் நம்பர்களைக் கொடுத்தால், அந்த வண்டி மீது போலீஸ் பதிவு இருக்கிறதா என்று அறிக்கை கிடைக்கும். நம்பர்களை விற்பவர் சொல்லக் கேட்டு எழுதாமல், வண்டியில் பொறித்திருப்பதைப் பார்த்து எழுதுங்கள். காவல் நிலையத்தில் ஏற்றிய தகவல் மட்டும்தான் அந்த அறிக்கையில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் ஸ்டேஷன் பக்கம் போக மறந்துவிடாதீர்கள். பதிவு மாறினால்தான் வண்டி முழுசாகத் திரும்பி வந்ததாக அர்த்தம்!