தேய்ந்த இடத்தைப் பாருங்கள்

ஒரு சாண் நீளமுள்ள கைப்பிடி. ஒரு முனையில் மடங்கி உள்ளே போகும் சிறு கத்தி, மறுமுனையில் அதேபோல் மடங்கும் ஊசி. பரணைச் சுத்தம் செய்யும்போது கையில் கிடைத்தால் பழைய பேனாக்கத்தி என்று நினைத்து எடைக்குப் போட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் கேள்விகள் எழும். செருப்புத் தைக்கிறவரின் குத்தூசியா? இருக்க முடியாது. தோலைக் குத்தும் வேகத்தில் இந்த மடக்கு பிடி கொடுக்காது. அப்படியென்றால் இந்த ஊசி எதையோ லேசாகக் கீறத்தான் பயன்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கத்தி, கீறப்படும் பொருளை நறுக்கி விளிம்பைச் சீர்செய்ய. இரண்டும் தேவைப்படும் பொருள் பனையோலை. கையில் இருப்பது மடக்கெழுத்தாணி.

ஓலையில் எழுதுகிறவர் இடக்கையில் ஓலையைப் பிடித்து, அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தை எழுத்தாணிக்கு முட்டுக் கொடுப்பார். அந்த நகத்தில் சிறு பள்ளம் வெட்டி வைத்துக்கொள்வதும் உண்டு. எழுத்தாணி நகர்வதைவிட ஓலைதான் அதிகம் நகரும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய, விளக்குக்கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துத் தடவுவார்கள்.

பெயர் தெரியாத ஒரு பழைய கருவி கிடைத்தால், என் அனுபவத்தில் அதன் வடிவம் தரும் துப்பு குறைவு. தேய்மானம் தருவது அதிகம். உளியின் தலை இரும்பாக இருந்து, அது பிதுங்கி ஓரம் மடிந்திருந்தால் சுத்தியல் அடி வாங்கியது என்று பொருள். பெரும்பாலும் கல்லிலோ இரும்பிலோ வேலை செய்திருக்கும். மரப்பிடியின் முனை நசுங்கி நார் நாராகப் பிரிந்திருந்தால் தச்சரின் கொட்டாப்புளி பட்ட இடம். அடியே படாமல் பிடி முழுக்க மெருகேறியிருந்தால் உள்ளங்கையால் தள்ளிச் சீவிய கருவி. ரம்பத்தின் பற்கள் கைப்பிடிப் பக்கம் சாய்ந்திருந்தால் இழுக்கும்போது அறுக்கும், ஜப்பானிய ரம்பங்களைப் போல. முன்பக்கம் சாய்ந்திருந்தால் தள்ளும்போது அறுக்கும்.

எது இல்லை என்பதும் துப்புதான். பனங்காட்டுப் பக்கத்து வீடுகளில் ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள் கிடைக்கும். அடுப்பிலிருந்து கங்கு எடுக்கும் இடுக்கி என்றால் நுனி கருகியிருக்க வேண்டும், கருகவில்லை. கொட்டை உடைக்க என்றால் உட்புறத்தில் குழி விழுந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. உட்புறம் வழவழப்பாக, சாறு ஊறிக் கறுத்திருக்கும். மெதுவான ஒன்றை, நசுங்கிப் போகாத அளவுக்கு, திரும்பத் திரும்ப அழுத்திய அடையாளம் அது. பதநீர் இறக்குகிறவர் பாளையை இதமாக இடுக்கிப் பதப்படுத்தும் கடிப்பு அது. ஆண் பனையின் பாளையும் பெண் பனையின் பாளையும் வடிவத்தில் வேறு என்பதால் கடிப்பும் அதற்கேற்ப மாறும். இடுக்கிப் பதமான பாளையின் நுனியை அன்றாடம் மெல்லியதாகச் சீவிவிட, சாறு கலயத்தில் சொட்டும். கலயத்தின் உட்புறத்தில் தடவிய சுண்ணாம்பு அதைக் கள்ளாகப் புளிக்கவிடாமல் பதநீராகவே வைத்திருக்கும்.

பாதிக் கருவி கிடைத்தால்தான் உண்மையான சிக்கல். தச்சர் துளை போடும் துறப்பணத்தில் வில் தனி, கயிறு தனி, சுழலும் தண்டு தனி. வில்லும் கயிறும் போய்த் தண்டு மட்டும் மிஞ்சினால், நெசவுச் சாமான் என்றோ விளையாட்டுப் பொருள் என்றோ தோன்றும். இடுப்புப் பகுதியில் கயிறு சுற்றி அறுத்த வளையக் கோடுகளைத் தேடுங்கள். தண்டின் மேல்முனையும் தேய்ந்து உருண்டிருக்கும். அங்கேதான் சிரட்டைத் துண்டு போன்ற ஒன்றை வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள்.

முழுக் கருவியும் தொலைந்து, அது போட்ட துளை மட்டும் மிஞ்சினால்? இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒன்று. இலங்கையில் மன்னாருக்கு அருகே, திருக்கேதீச்சரம் இருக்கும் இடத்தில், மாந்தை என்ற பழைய துறைமுகம் இருந்தது. அங்கே அகழ்ந்தெடுத்த கல்மணிகளைப் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஜான் குவின்னெட்டும் லெனார்ட் கோரெலிக்கும், ஆராய்ந்தார்கள். துளைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே பல்லுக்கு அச்சு எடுப்பதுபோல் சிலிக்கோனைத் துளைக்குள் செலுத்தி, இறுகியதும் உருவி எடுத்து, மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். துளைச் சுவரில் இருந்த வரிகள் அந்த அச்சில் அப்படியே பதிந்திருந்தன. மணல் போன்ற தூளைப் போட்டுத் தேய்த்த துளையின் சுவர் ஒருவிதமாக இருக்கும். வைரம் பதித்த முனை கடைந்த துளையில் சீரான, கூர்மையான வளையங்கள் தெரியும். கி.பி. 700 முதல் 1000 வரையிலான காலத்தில் இலங்கையில் மணி துளைக்க வைர முனை பயன்பட்டதற்கான சான்றை 1986-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இதை உறுதியாகச் சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு துளை வேண்டும். குஜராத்தில் காம்பாத் நகரத்து மணித்தொழிலாளர்கள் வில்லால் சுழலும் இரும்புக் கம்பியின் நுனியில் இரண்டு சிறு வைரச் சில்லுகளைப் பதித்து, நீர் சொட்டவிட்டபடி அகேட் கல்லைத் துளைப்பவர்கள். நம் காலம் வரை அவர்கள் அதை விடாமல் செய்துவந்ததால்தான், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய துளையை நம்மால் படிக்க முடிகிறது.

இன்னும் பின்னால் போகலாம். பிரான்சின் தென்மேற்கில் இரண்டு நியாண்டர்தால் வாழிடங்களில் கிடைத்த, சில சென்டிமீட்டரே நீளமுள்ள நான்கு எலும்புத் துண்டுகளைப் பற்றி 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. வயது ஏறத்தாழ 50,000 ஆண்டுகள். நுனி உருண்டு, ஒரு பக்கம் மெருகேறியிருந்தது. விலங்குத் தோலை மிருதுவாக்கவும் பளபளப்பாக்கவும் தோல் தொழிலாளர்கள் இன்றும் இதே வடிவ எலும்புக் கருவியை வைத்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது. 2020-இல் வந்த அடுத்த ஆய்வு, அந்தத் துண்டுகளை வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியில் உராய்ந்து ஒட்டியிருந்த புரதத்தைக் கொண்டே அவை காட்டுமாட்டு இனத்தின் விலா எலும்புகள் என்று கண்டுபிடித்தது. கருவியின் மேல் கீறல்கூடப் போடவில்லை. அந்த இடங்களில் அதிகம் வேட்டையாடப்பட்டது மான். ஆனால் கருவிக்கு மட்டும் அகன்ற, உறுதியான மாட்டு விலாவைத் தேடி எடுத்திருக்கிறார்கள்!

கருவியின் மேலுள்ள முத்திரையை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். பழைய ஆங்கிலேய உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருப்பதைச் செய்தவர் பெயர் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மூசையில் உருக்கி வார்த்த எஃகு என்பதுதான் அதன் பொருள். ஷெஃபீல்டு நகரத்தில் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய முறை அது. மூசையில் எஃகு செய்யும் வித்தையை நம் கொல்லர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அறிந்திருந்தார்கள்.

கருவி கையில் கிடைத்ததும் பலர் முதலில் செய்வது உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துப்பு அத்தனையும் அந்தக் கறையிலும் மெருகிலும்தான் இருக்கிறது. உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பிறகு ஊரில் மூத்த ஆசாரி, கொல்லர், பனையேறி யாராவது இருந்தால் எடுத்துப் போய், எதுவும் சொல்லாமல் அவர் கையில் கொடுங்கள். எந்த விரல் எங்கே போகிறது, எந்தப் பக்கம் திருப்புகிறார், எதன்மேல் வைத்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். வாய் திறப்பதற்கு முன்பே கை பதில் சொல்லிவிடும். அப்புறம் அவர் சொல்லும் பெயரை, அடுத்த ஊரில் வேறு பெயர் இருந்தாலும், அவர் சொன்னபடியே சீட்டில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் தேதியையும் சேர்த்து அதைக் கருவியோடு கட்டிவிடுங்கள்.