கொழும்பிலிருந்து வந்த கோடுபோட்ட விரிப்பு

எங்கள் காயல்பட்டினத்தில் கொழும்பு வியாபாரம் இல்லாத குடும்பம் குறைவு. என் வாப்பாவும் அங்கே கல் வியாபாரம் செய்தவர்கள்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் சவுக்காரம், தேயிலை என்று பெட்டி நிறைய வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை கட்டில் விரிப்பு ஒன்று வந்தது. ரோஸ், ஆரஞ்சு, ஊதா என்று பட்டை பட்டையாகக் கோடுகள். "இதென்ன, மிட்டாய்க் கடையை விரிச்ச மாதிரி இருக்கு!" என்று உம்மா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் அந்த விரிப்பைப் பற்றி வீட்டில் திரும்பப் பேச்சு வந்தது. பிளஸ் டூ முடித்த என் மகள், துணி டிசைன் படிக்கப் போகிறேன் என்றாள். "துணிக்குக் கோடு போடவா காலேஜ்?" என்றார்கள் என் மச்சான். எனக்கும் மனசு இரண்டாகத்தான் இருந்தது. அப்போதுதான் அந்தக் கோடுகளைப் போட்டது யார் என்று தேடிப் படித்தேன்.

அவர் பெயர் பார்பரா சன்சோனி. 1928-ல் கண்டியில் பிறந்தவர். நம் கொடைக்கானல் கான்வென்டிலும் படித்திருக்கிறார்! பிறகு லண்டன் செல்சீ ஓவியக் கல்லூரி. கவனியுங்கள் சகோதரிகளே, அவர் படித்தது நெசவு அல்ல, ஓவியம். ஊர் திரும்பியபின், குட் ஷெப்பர்ட் கன்னியாஸ்திரீகளின் தலைவியான மதர் குட் கவுன்சல், தங்களிடம் நெசவு பழகும் ஏழைப் பெண்களுக்கு டிசைன் போட்டுத் தரும்படி கேட்டார். 1950-களின் கடைசியில் அப்படி ஆரம்பித்தது, 1964-ல் 'பேர்ஃபுட்' என்ற நிறுவனமாயிற்று. வெறுங்கால் என்று அர்த்தம். கடைக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று எனக்கு ஆச்சரியம்தான்!

கைத்தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. பாவில் நிறம் மாற்றினால் கோடு. இரண்டிலும் மாற்றினால் கட்டம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்றால் நம் மயில்கழுத்துப் புடவை மாதிரி மின்னும். தறியில் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் தெரிந்த விஷயந்தான். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை அகலத்தில் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் பார்பராவின் வேலை. தன் நாட்டு வயல், கடல், செடிகொடிகளிலிருந்தே நிறங்களை எடுத்தார். ரோஸும் ஆரஞ்சும் ஒத்துப்போகாது என்று நாம் சொல்வோம். கள்ளியில் பூத்திருந்தால் ரசிக்க மாட்டோமா?

புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960-களில் பெந்தோட்டையில் கட்டிய கடற்கரை ஓட்டலுக்கும் இவர் துணிகள் போயின. பழைய வீடுகளையும் கோயில்களையும் வரைந்து 1978-ல் புத்தகமும் போட்டார். வெட்டி மிஞ்சின துண்டுத் துணியில் பொம்மை தைப்பதும் அவர் கடையில் உண்டு. நாம் அதைக் கரித்துணி ஆக்கிவிடுவோம்!

2022-ல், தொண்ணூறு தாண்டி, கொழும்பில் மறைந்தார். கிராமத்துப் பெண்கள் தறியில் உட்கார்ந்து நெய்து சம்பளம் வாங்க ஒரு வழி பண்ணிவிட்டுப் போனார், அது எனக்குப் பெரிதாகத் தோன்றியது. எங்கள் முடுக்குகளில் எத்தனை பேர் கையில் ஊசியோடு இருக்கிறோம்! தலையணை உறைக்குப் பூ போடுகிறோம். கல்யாணத்துக்குச் சும்மா கொடுக்கிறோம். என் லாத்தா கண்ணாடி போடுகிற வரைக்கும் தைத்தார், ஒரு காசு கேட்டதில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். கைத்தறி விரிப்பை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் அது ஈடுகொடுத்தது இப்படித்தான்.

மொட்டை மாடியில் மகள் அதை விரித்துக் கோடுகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மச்சான் பக்கத்தில் போய் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். "நூல் பிரியவே இல்லையே" என்றார்கள். காலேஜ் பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் எங்கே வைத்தாய் என்று நேற்று ராத்திரி கேட்டார்கள்.