துப்பாக்கி உரிமமும் தற்காப்பு உரிமையும்: திருமானூர் வட்டாரத்தை முன்வைத்து

துப்பாக்கி வைத்துக்கொள்வதும் தன்னைத் தற்காத்துக்கொள்வதும் பிரிக்க முடியாதவை என்ற எண்ணம் பொதுமக்களிடையே பரவலாக இருப்பினும், இந்தியச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்துப் பார்க்கிறது. தற்காப்பு ஒவ்வொருவருக்கும் உரிய உரிமையாகும். அதற்காக எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. துப்பாக்கியோ அரசு ஆராய்ந்து அளிக்கும், வேண்டும்போது திரும்பப் பெறக்கூடிய ஓர் அனுமதியின் பேரில் மட்டுமே ஒருவர் கைக்கு வருகிறது. கொள்ளிடத்தின் வடகரையில் நெல்லையும் கரும்பையும் நம்பி வாழும் அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் ஒன்றியத்து ஊர்களில் வரப்புத் தகராறும் காட்டுப்பன்றித் தொல்லையும் திருட்டுப் பயமும் ஒருங்கே இருப்பதால், இந்த வேறுபாட்டை அறியாமல் எடுக்கப்படும் ஒரு முடிவு ஒரு குடும்பத்தையே நெடுங்காலச் சிறைக்கும் நீதிமன்ற அலைச்சலுக்கும் ஆளாக்கிவிடக்கூடும்.

ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமையாக வேண்டும் என்ற கோரிக்கை இந்நாட்டில் ஒரு காலத்தில் வலுவாகவே எழுந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்ததால், அது அடிமைத்தனத்தின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது. 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தன் அடிப்படை உரிமைத் தீர்மானத்திலேயே சேர்த்தது. ஆனால் பிரிவினைக் கலவரங்களின் குருதி காயாத 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் ஹெச்.வி.காமத் இதே உரிமையைத் திருத்தமாக முன்மொழிந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. இன்று அரசியலமைப்பின் 19ஆவது கூறு குடிமக்களுக்கு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையையே வழங்குகிறது. ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தை எடுத்துக்காட்டி வாதிடுவோர், இந்தியா அந்த வழியை அறியாமல் விட்டுவிடவில்லை, அறிந்தே தவிர்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தற்போது நடைமுறையில் உள்ளது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் ஆகும். மாவட்டங்களில் உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். 21 வயது நிறைந்தவரே விண்ணப்பிக்கலாம். காவல்துறையின் விசாரணை அறிக்கையைப் பெற்ற பின்னரே முடிவு எடுக்கப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டு, உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. உழவர்கள் அறிய வேண்டிய ஒரு கூறு இச்சட்டத்தின் 13ஆவது பிரிவில் உள்ளது: குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிக்கு, உண்மையான பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு உரிமம் கோரலாம். விண்ணப்பதாரருக்குப் போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்கலாகாது என்று 14ஆவது பிரிவு கூறுகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும், மறுக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். பொதுமக்களின் அமைதியைக் கருதி உரிமத்தை நிறுத்திவைக்கவோ இரத்து செய்யவோ அதிகாரிக்கு உரிமை உண்டு. தேர்தல் காலங்களில் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு உத்தரவிடப்படுவதும் வழக்கமே.

திருமானூர் வட்டாரத்துக்கென்றே பொருந்தும் மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. பலரும் அதை அறிந்திருப்பதில்லை. புள்ளம்பாடி வாய்க்காலின் நீரால் நிறையும் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, ஒரு சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர்கள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அவருடைய முன்இசைவின்றி அவ்வட்டத்துக்குள் புதிய உரிமம் எதுவும் வழங்கப்படலாகாது. கரைவெட்டியைச் சுற்றியுள்ள ஊர்கள் பலவும் இவ்வட்டத்துக்குள் அடங்குவதால், பயிர்க் காவலுக்கென்று துப்பாக்கி கோருவோர் ஆட்சியர் அலுவலகத்தோடு வனத்துறையையும் கடந்தாக வேண்டியுள்ளது.

உரிமம் கிடைப்பது அரிது என்பதாலேயே சிலர் நாட்டுத் துப்பாக்கியின் பக்கம் திரும்புகின்றனர். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும், அதைத் தயாரித்தாலோ விற்றாலோ ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும் விதிக்கப்படலாம். உரிமம் பெற்ற துப்பாக்கியையே பங்காளிக்கோ அண்டை நிலத்தாருக்கோ ஓர் இரவுக்கு இரவல் கொடுப்பதும் குற்றமாகும். இவற்றோடு வெடிமருந்தின் ஆபத்தும் சேர்கிறது. 2023 அக்டோபர் 9 அன்று இதே மாவட்டத்தின் விரகாலூரில் நாட்டு வெடி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தனர். வெடிபொருளையே தொழிலாகக் கையாளும் இடத்தில் அந்த நிலை என்றால், வீட்டுப் பரணில் கரிமருந்தை மூட்டை கட்டி வைப்பதன் விளைவை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உரிமதாரராக இருந்த தந்தையோ பாட்டனோ இறந்த பின் வீட்டில் எஞ்சியிருக்கும் துப்பாக்கியை, வாரிசுகள் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அதன் பிறகு தம் பெயருக்கு உரிமம் கோர அவர்களுக்குத் தடையில்லை.

பயிரைக் காக்கும் பெயரில் இதைவிடப் பரவலாக நடப்பது, மின்கம்பியிலிருந்து நேரடியாக இணைப்பு எடுத்து வேலியில் மின்சாரம் பாய்ச்சும் கொடுமையாகும். பன்றிக்கு வைத்த கம்பியில் அதிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து நிலத்துக்காரர் சிக்கி இறக்கும் செய்திகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து மீண்டும் மீண்டும் வருகின்றன. சொத்துக்கான தற்காப்பு உரிமை இச்செயலுக்குத் துணை வராது. யார் வருகிறார் என்றே அறியாத ஒரு கம்பிக்கு, ஆபத்தின் அளவுக்கேற்ப எதிர்க்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றும் ஆற்றல் இல்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுட்டுப் பிடிப்பர் என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது. அவ்வறிவிப்பு உழவருக்குச் சுடும் அதிகாரத்தைத் தரவில்லை எனினும், பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கோருவதோடு பன்றிகளை அகற்றுமாறு வனத்துறையிடம் எழுத்தில் கேட்கும் வலுவான அடிப்படையை அது தருகிறது.

இனித் தற்காப்பு உரிமைக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இவ்வுரிமையை வரையறுக்கின்றன. தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காத்துக்கொள்ள ஒருவர் எதிர்த்துப் போராடலாம். கொலை, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆட்கடத்தல், அமில வீச்சு ஆகியவற்றுக்கு ஆளாவோம் என்ற நியாயமான அச்சம் எழுந்தால், தாக்குபவர் உயிரிழக்க நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்று 38ஆவது பிரிவு கூறுகிறது. வழிப்பறியின்போதும், சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் வீடு உடைக்கப்படும்போதும் இதே அளவு உரிமையை 41ஆவது பிரிவு அளிக்கிறது. இதற்கு எல்லைகளும் உண்டு: காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இவ்வுரிமை எழாது, தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது, ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். ஓடும் திருடனைத் துரத்திச் சென்று வெட்டுவதும், பிடிபட்டவனை மரத்தில் கட்டிவைத்து அடிப்பதும் தற்காப்பில் சேரா. அதே வேளையில், உயிர் ஊசலாடும் நொடியில் ஒவ்வோர் அடியையும் ஒருவர் அளந்து அடிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்றும், தாக்கப்பட்டவர் ஓடித்தான் தப்ப வேண்டும் என்பதில்லை என்றும் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இவ்வுரிமை வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2012இல் மதுரையில், தன் மகளிடம் தகாத முறையில் நடக்க முயன்ற கணவனை மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அப்போதைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், இது தற்காப்பு உரிமைக்கு உட்பட்டது என்று கூறிச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். 2019 ஆகஸ்டில் தென்காசிக்கு அருகேயுள்ள கடையத்தில், அரிவாளுடன் இரவில் வீட்டுக்குள் நுழைய முயன்ற முகமூடிக் கொள்ளையரை முதிய கணவனும் மனைவியும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் செருப்புகளையும் வீசியே விரட்டியடித்தனர். அவ்வாண்டுச் சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீரச்செயலுக்கான விருது வழங்கியது. இரு நிகழ்வுகளிலும் துப்பாக்கிக்கு இடமே இல்லை.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் யாருக்கு ஆபத்து என்ற கேள்விக்கு அமெரிக்காவின் கணக்கு கசப்பான விடையைத் தருகிறது. அங்கு 2022இல் துப்பாக்கியால் இறந்த 48,204 பேரில் 27,032 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்; திருடனுக்கென்று வாங்கிய கருவி வீட்டாரின் மனமுடைந்த ஒரு நாழிகையில் அவர்களுக்கே எமனாகிறது. இலங்கை இதன் மறுபக்கத்தைக் காட்டியது: மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995 முதல் படிப்படியாக அந்நாடு தடைசெய்தபோது, தற்கொலை விகிதம் அடுத்த சில பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழாக இறங்கியது. பூச்சிமருந்துக் குப்பிகள் மாட்டுக்கொட்டகையிலேயே கிடக்கும் நம் ஊர்களில், உயிரைப் பறிக்கும் மற்றொரு கருவியை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு மனிதன் இன்னொரு மனிதன் மீது ஆயுதம் ஓங்குவது ஏன் என்பதே இதைவிட ஆழமான கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் நடந்த 28,522 கொலைகளில் 9,962 கொலைகள் தகராறுகளாலும் 3,761 கொலைகள் முன்விரோதத்தாலும் நிகழ்ந்தவை. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே. முகம் தெரியாத கொள்ளையனை எண்ணி அஞ்சும் சமூகத்தில் உண்மையில் கொல்பவர் பெரும்பாலும் முகம் தெரிந்தவரே. வரப்பு, வண்டிப்பாதை, மோட்டார் கொட்டகை, பாகப்பிரிவினை, வட்டிக்கடன் என்று தொடங்கும் பூசல், நிலஅளவையர் வரும் நாளுக்காக மாதக்கணக்கிலும் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கிலும் காத்திருந்து, ஒரு மாலையில் மதுவின் துணையோடு அரிவாளாக மாறுகிறது. ஆற்றுமணல் பெரும் பணமாகிவிட்ட கொள்ளிடக் கரையில் இவ்வகைப் பகைக்குப் புதிய காரணங்களும் சேர்ந்துள்ளன. மணல் கடத்தலைத் தடுத்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டதை எந்த ஆற்றங்கரை ஊரும் மறந்துவிடலாகாது.

குற்றத்துக்கு வேர் பிறப்பில் இருக்கிறது என்று நம்பிய அரசும் இங்கு ஆண்டது. 1871இல் இயற்றப்பட்டு 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களையே கைரேகைக்கும் இரவு வருகைப்பதிவுக்கும் உட்படுத்தியது. 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதும் அது நீக்கப்பட்டபோதிலும், திருட்டு நடந்தால் முதலில் யார் குடிசைக்குக் காவலர் போவார்கள் என்பதில் அதன் நிழல் இன்றும் படிந்திருக்கிறது. பெரம்பலூர் வட்டாரத்தில் குடியிருப்புகள் அமைத்து வாழும் நரிக்குறவர்களின் நிலையையும் இங்கே கருத வேண்டும். வேட்டையே வாழ்வாக இருந்த அவர்களின் தொழிலை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரே வீச்சில் குற்றமாக்கியது. மாற்றுத் தொழிலோ முறையான கல்வியோ அதே வேகத்தில் வரவில்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பறவைகளைக் காத்தது சரியே. ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் மனிதர்களைக் காக்க மறந்தது பெரும் அநீதியாகும்.

பகை முற்றுவதற்கு முன்பே நாடக்கூடிய வழிகள் பல உள்ளன. அச்சுறுத்தப்படுபவர் காவல் நிலையத்தில் மனு அளித்து, அது பெறப்பட்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். பின்னாளில் தற்காப்பு உரிமையை நிறுவ வேண்டிய நிலை வந்தால், முன்கூட்டியே அஞ்சிப் புகார் செய்ததற்கு அந்த ரசீதே சான்றாகும். கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய புகாரைப் பதிவுசெய்ய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் புகாரை அனுப்பலாம். அங்கும் பயனில்லை எனில் நீதித்துறை நடுவரை அணுகலாம். சண்டை மூளும் என்று தெரிந்தால், அமைதி காப்பதாக எதிர்த்தரப்பிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்குமாறு அதே சட்டத்தின் 126ஆவது பிரிவின் கீழும், நிலத்தின் அனுபோகம் பற்றிய தகராறு அமைதியைக் குலைக்குமாயின் 164ஆவது பிரிவின் கீழும் நிர்வாக நடுவரிடம் நடவடிக்கை கோரலாம். கோட்டங்களில் அப்பொறுப்பை வருவாய்க் கோட்டாட்சியர் வகிக்கிறார். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழங்கியுள்ளது. 15100 என்ற எண்ணில் அழைத்தோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்தோ அதைக் கோரலாம். வரப்பு வழக்குகளை மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் உடன்பட்டு முடித்துக்கொண்டால், அத்தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குரிய வலு உண்டு, அதன் மீது மேல்முறையீடும் கிடையாது.