ஒரு தாடை சொன்ன உறவுமுறை

ருமேனியாவின் தென்மேற்கில் ‘பெஷ்டெரா கு ஒவாசே’ என்றொரு குகை. தரைக்கடியில் தேங்கிய நீரில் முக்குளித்தால்தான் அதன் உள்ளறைகளை எட்ட முடியும். குகைக் கரடிகளின் எலும்புகள் குவிந்து கிடந்த அங்கே, 2002இல் ஒரு மனிதக் கீழ்த்தாடை கிடைத்தது. வயது ஏறத்தாழ 40,000 ஆண்டுகள். மோவாய் நமக்கிருப்பதுபோல் எடுப்பாக இருக்கிறது; மறைந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களுக்கு அப்படி மோவாய் கிடையாது. ஆனால் ஞானப்பற்கள் வியக்கும் அளவு பெரியவை. நம்மவரா, கலப்பில் பிறந்தவரா என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

2015இல் அந்த எலும்பின் டிஎன்ஏ விடை சொன்னது. ஆள் ஆண். நம் இனம்தான். ஆனால் அவருடைய டிஎன்ஏவில் 6 முதல் 9 சதவீதம் நியாண்டர்தாலுடையது.

அளவைவிட அந்த டிஎன்ஏ துண்டுகளின் நீளம்தான் பெரிய செய்தி. ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் துண்டாகி மாறிச் சேர்வதால், வெளியிலிருந்து வந்த டிஎன்ஏ வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். நம்மிடம் எஞ்சியிருப்பவை துணுக்குகள். அவரிடமோ நீளநீளத் துண்டுகள் அறுபடாமல் இருந்தன. 12ஆம் குரோமோசோமில் ஏறத்தாழப் பாதி அப்படி. ஆக, நாலு முதல் ஆறு தலைமுறைக்கு முன் அவர் வம்சத்தில் ஒரு நியாண்டர்தால் இருந்திருக்கிறார். எள்ளுத் தாத்தாவாகவோ எள்ளுப் பாட்டியாகவோகூட இருக்கலாம்!

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. இரு இனத்துக்கும் பிறந்த அந்தக் குழந்தைக்கு யாரோ பாலூட்டியிருக்கிறார்கள், தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். அது வளர்ந்து, துணை தேடி, தானும் பிள்ளை பெற்றிருக்கிறது. நியாண்டர்தால்களை நாம் அழித்த கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

பிற்கால ஐரோப்பியர்களிடம் அவருடைய வழித்தோன்றல்களின் தடயம் தென்படவில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களிடம் இன்றும் இருக்கும் சுமார் 2 சதவீதம், அவருக்கும் முந்தைய கலப்பிலிருந்து வந்தது. அந்தக் கலப்பை 2010இல் நிறுவியவர்கள் ஸ்வாந்தே பேபோவும் அவர் குழுவினரும். பேபோவுக்கு 2022இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. 3ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு நியாண்டர்தால் துண்டு, கோவிட் தீவிரமாகும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2020இல் தெரியவந்தது. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் இருக்கும் அது, தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. அடுத்த ஆண்டே இன்னொன்றும் வெளிவந்தது: 12ஆம் குரோமோசோமில் உள்ள வேறொரு நியாண்டர்தால் துண்டு அதே நோயின் தீவிரத்தைக் குறைக்கிறது.