எண்பது வயதுக்கும் இடமுள்ள ஆட்டம்

விளையாட்டையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு பெரிய துக்கம் உண்டு. கற்றதெல்லாம் கைகூடி வரும் வயதில் உடம்பு கைவிட்டுவிடும். வேகப்பந்து வீச்சாளர் முப்பத்தைந்தில் ஓய்வைப் பற்றி யோசிக்கிறார். ஜிம்னாஸ்டிக்ஸில் இருபத்தைந்தைத் தாண்டினாலே மூத்த வீராங்கனை. ஆட்டத்தின் சூட்சுமம் பிடிபடும்போது ஆட முடியாமல் போவதை விளையாட்டின் இயல்பு என்றே நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். எல்லா விளையாட்டுக்கும் அது பொருந்தாது என்பதற்கு ரே பெத்தல் நல்ல சாட்சி. 1928இல் பிறந்து கனடாவின் வான்கூவரில் வாழ்ந்தவர். அவர் பட்டத்தைக் கையில் எடுத்ததே நடுவயது கடந்த பிறகுதான். எடுத்தபின் விடவில்லை. வான்கூவரின் வேனியர் பூங்காவில் பயிற்சி, ஊர் ஊராகப் பட்டத் திருவிழாக்கள், நெடுநேரம் தரை தொடாமல் பறக்கவிட்ட சாதனைகள் என்று மிச்ச ஆயுள் முழுவதும் அதிலேயே போயிற்று. எண்பதைத் தாண்டிய பின்னும் இரண்டு கைகளிலும் இடுப்பிலுமாக மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் இசைக்கு ஆடவைத்தார். 2018இல் தொண்ணூறு வயதில் காலமானார். பட்டம் விட்டே ஒருவர் ஆயுளைக் கழிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வாழ்க்கையை நிதானமாகப் பார்க்க வேண்டும். வயது ஏற ஏறத் தேர்ச்சியும் ஏறுவதற்கு இடம் தருகிற போட்டி விளையாட்டுகள் மிகச் சில. விளையாட்டுப் பட்டம் அவற்றில் ஒன்று. ஆயுளைக் கொடுக்கத் தகுந்தது என்று நான் சொல்வது அதனால்தான்.

பட்டப் போட்டி என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சாக் கயிறும் டீலும்தான் நினைவுக்கு வரும். அடுத்தவர் காத்தாடியை அறுத்தால் வெற்றி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் புகழ்பெற்ற போட்டியில் பட்டத்தைக் கட்டிய கற்பனைக்கும் கைத்திறனுக்கும் பரிசு. விளையாட்டுப் பட்டம் இந்த இரண்டிலும் சேராது. இதற்குக் கயிறு இரண்டு, சில வகைகளுக்கு நான்கு. ஒற்றைக் கயிற்றில் பட்டம் காற்றின் போக்குக்குப் போகும். இரண்டாவது கயிறு வந்ததும் ஆட்டக்காரர் சொன்ன இடத்துக்குப் போகும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் இருந்த பால் கார்பர், கப்பல் துப்பாக்கி வீரர்களின் குறிபார்க்கும் பயிற்சிக்காக இப்படித் திருப்பக்கூடிய பட்டத்தை உருவாக்கினார். அதன் முகத்தில் எதிரி விமானத்தின் உருவம் வரைந்திருக்கும். 1972இல் இங்கிலாந்தின் பீட்டர் பவல், காற்றில் உப்பி நிற்கும் நீண்ட பாலித்தீன் குழாய் வாலோடு இரட்டைக் கயிற்றுப் பட்டத்தைக் கடைக்குக் கொண்டுவந்தார். 1976இல் பிரிட்டனில் ஆண்டின் சிறந்த பொம்மை அதுதான். எண்பதுகளில் கார்பன் குச்சிகளும் கிழியாத நைலான் துணியும் வந்தன. பொம்மை கருவியாக மாறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஹட்ஸிக்கி சகோதரர்கள் நான்கு கயிற்றுப் பட்டத்தை உருவாக்கினார்கள். அது பின்னோக்கிப் பறக்கும், நட்ட நடு வானில் அசையாமல் நிற்கும், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். கயிறும் மாஞ்சாவுக்கு நேர் எதிர்க் குணம் கொண்டது. வழவழப்பான பாலிஎத்திலீன் இழை. இரண்டு கயிறுகளும் ஒன்றன்மேல் ஒன்று பலமுறை முறுக்கிக்கொண்டாலும் வழுக்கிக்கொண்டு கட்டளையைப் பட்டத்துக்குக் கொண்டுபோய்விடும்.

போட்டியில் இரண்டு பெரும் பகுதிகள். ஒன்று துல்லியம். முன்கூட்டியே அறிவித்த உருவங்களை வானத்தில் வரைந்து காட்ட வேண்டும். 'இன்' என்று உரக்கச் சொல்லித் தொடங்கி, 'அவுட்' என்று சொல்லி முடிப்பார்கள்; அதற்கு இடைப்பட்டதைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். மற்றது பாலே, தேர்ந்தெடுத்த இசைக்குப் பட்டத்தை ஆடவைப்பது. பாலேவின் அழகு யாருக்கும் புரியும். துல்லியத்தின் கஷ்டம் தெரிய ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளலாம். முப்பது மீட்டர் தூரத்தில் பறக்கும் பட்டத்தால் ஒரு சதுரம் வரைய வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் காற்று எல்லா இடத்திலும் பட்டத்தை ஒரே மாதிரி தள்ளுவதில்லை. ஆட்டக்காரருக்கு நேர் எதிரே பட்டம் பாய்ந்து போகும். இடமோ வலமோ ஓரத்துக்குப் போகப் போகத் தளர்ந்துவிடும். சதுரத்தின் மேல்கோட்டை ஒரே வேகத்தில் இழுக்க வேண்டுமானால், பட்டம் நடுவைக் கடக்கும்போது ஆட்டக்காரர் முன்னே நடந்து வேகத்தைத் தின்ன வேண்டும், ஓரத்தை நெருங்கும்போது பின்னே நடந்து வேகத்தைக் கொடுக்க வேண்டும். மூலை அதைவிடக் கடினம். இடது கையை இழுத்தால் பட்டம் இடப்பக்கம் திரும்பிவிடும். ஆனால் மூலை மழுங்கி வளைவாகிப் போகும். வலது கையை முன்னே தள்ளி அந்தக் கயிற்றை ஒரு கணம் தளர்த்தினால் மூலை வெட்டியதுபோல் கூராக விழும். அந்தத் தளர்வை உடனே மீட்காவிட்டால் பட்டம் தேவைக்கு மேல் திரும்பி அடுத்த கோடு சாய்ந்துவிடும். ஒரு சதுரத்துக்கு நான்கு மூலை. ஆண்டுக்கணக்கில் ஒரு மனிதர் இதே நான்கு மூலைகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார் என்றால், சங்கீதத்தில் ஸ்வரவரிசை சாதகம் செய்வதற்குச் சமமான காரியம் அது.

இவ்வளவுக்குப் பிறகும், நின்ற இடத்தில் கையை ஆட்டுவது விளையாட்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நின்ற இடத்தில் ஆடுவதில்லை என்பது மேலே சொன்னதிலேயே தெரியும். பாதிப் பட்டத்தைக் காலால்தான் விடுகிறார்கள். மைதானத்தில் முன்னும் பின்னுமாக நடப்பதும், சில நேரம் ஓடுவதும், கண்ணை வானத்திலிருந்து எடுக்காமலே செய்ய வேண்டியவை. இருந்தாலும் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. மராத்தான் கேட்கும் நுரையீரலை இது கேட்பதில்லை. இது கேட்பது முன்னறிவை. காற்று தளரப் போவதைத் தோளில் விழும் இழுவையிலிருந்தே உணர்ந்து, பட்டம் தொய்வதற்கு முன்பே ஒரு அடி பின்னே வைக்கத் தெரிய வேண்டும். தொய்ந்த பிறகு செய்தால் நடுவர் கண்ணில் பட்டுவிடும். இந்த அறிவு தசையில் இல்லை, ஆயிரக்கணக்கான மணி நேரக் காற்றின் நினைவில் இருக்கிறது. வயது தசையைக் குறைக்கும். இந்த நினைவை அத்தனை சீக்கிரம் குறைக்காது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் வலுவானது. காற்றுதானே ஜெயிக்கவைக்கிறது, ஒருவருக்குத் தென்றலும் அடுத்தவருக்குச் சூறாவளியும் வந்தால் என்ன நியாயம் என்பது. ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் களம் இறங்குகிறார்கள், ஆகவே எல்லோருக்கும் ஒரே காற்று கிடைக்காது என்பது உண்மை. ஆனால் தேர்ந்தவர்கள் ஒரே பட்டத்தைப் பல எடைகளில் கொண்டுவருகிறார்கள். இலேசான காற்றுக்கு மெல்லிய குச்சியும் மெல்லிய கயிறும் கொண்டது. பலத்த காற்றுக்குத் துணியில் சன்னல் வெட்டி வலைத்துணி தைத்தது. முச்சையை, சென்னைக்காரர்கள் சூத்திரம் என்பதை, விரற்கடை அளவு நகர்த்தினாலே பட்டத்தின் குணம் மாறும். எதை எடுப்பது, எங்கே முடிச்சை வைப்பது என்று களம் இறங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு முடிவெடுப்பது திறமையின் பெரும் பகுதி. காற்றின் வேகம் விதிக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லவும் வழியுண்டு. சேப்பாக்கத்தில் டாஸ் தோற்று, தேய்ந்துபோன ஆடுகளத்தில் நான்காவது இன்னிங்ஸ் ஆடும் அணியிடம் கிரிக்கெட்டை அதிர்ஷ்ட விளையாட்டு என்று யாரும் சொல்வதில்லை. இவ்வளவுக்கும் திருப்தி இல்லாதவர்களுக்கு உள்ளரங்கப் போட்டி இருக்கிறது. காற்றே இல்லாத மண்டபம், சில மீட்டர் கயிறு, மிக இலேசான பட்டம். ஆட்டக்காரர் பின்னே நடப்பதால் உண்டாகும் காற்று ஒன்றுதான் பட்டத்தைத் தூக்குகிறது. அங்கே குறைசொல்ல வேறு காற்று கிடையாது.

நடுவர்களின் ரசனைக்கு விட்டுவிட்ட போட்டி என்ற குறை பாலேவைப் பொறுத்தவரை ஓரளவு சரி. ஆனால் அந்தக் குறை டைவிங்குக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் உண்டு, அவற்றை ஒலிம்பிக்கில் வைத்திருக்கிறோம். சொல்லப்போனால் பட்டக்காரர்கள் இதில் கண்டிப்பானவர்கள். பனிச்சறுக்கு நடனத்தில் வட்டமும் எட்டும் வரைந்து காட்டும் கட்டாய உருவங்கள் ஒரு காலத்தில் மதிப்பெண்ணின் பெரும்பகுதியாக இருந்தன. பார்வையாளர்களுக்கு அலுப்பு என்று 1990க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளையாட்டுப் பட்டம் அவற்றைக் கைவிடவில்லை. கைதட்டல் வாங்கித் தராது என்று தெரிந்தும் சதுரத்துக்கும் நேர்கோட்டுக்கும் மதிப்பெண் தரும் விளையாட்டு, அடிப்படையை மதிக்கும் விளையாட்டு.

பெத்தல் ஒரு விதிவிலக்கு, அவரை வைத்துப் பொது விதி சொல்லலாமா? சொல்ல முடியும் என்பதற்குப் போட்டியின் அமைப்பே ஆதாரம். 1964இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பட்டக்காரர்கள் சங்கம் நடத்தும் போட்டிகளில் பிரிவுகள் தேர்ச்சியைப் பொறுத்தவை: புதியவர், அனுபவசாலி, வித்தகர் என்ற வரிசை. மூத்தோர் பிரிவு என்று தனியாக ஒதுக்கிவைப்பதில்லை. ஆண், பெண் என்ற பிரிவும் இல்லை. பள்ளி மாணவியும் ஓய்வுபெற்ற பாட்டியும் ஒரே களத்தில் ஒரே உருவத்தை வரைந்து ஒரே நடுவரிடம் மதிப்பெண் வாங்கலாம். வயதாலோ உடல் வலிமையாலோ பெரிய அனுகூலம் இருந்திருந்தால் இந்த ஏற்பாடு நீடித்திருக்காது. பெத்தலுக்கு முதுமையில் காது கேட்கும் திறனும் பெரிதும் குறைந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கைதட்டாமல் இரு கைகளையும் உயர்த்தி அசைக்கும். அவர் கண்ணால் பார்த்துக்கொள்வார். மூன்று பட்டங்கள், ஆறு கயிறுகள், ஒன்றோடொன்று சிக்காமல் ஒன்றுபோலத் திரும்ப வேண்டும். அந்தக் காரியத்தை எண்பது வயதில் ஒருவர் செய்கிறார் என்றால் அவர் உடம்பு அபூர்வமானது என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. உடம்பு குறைந்த இடத்தைப் பயிற்சி நிரப்பும்படி அந்த விளையாட்டு அமைந்திருக்கிறது.

கடைசியாகப் பணம். இங்கே நான் வாதாட மாட்டேன். நல்ல போட்டிப் பட்டம் ஒன்று சில நூறு டாலர். காற்றுக்கு ஏற்ப மூன்று நான்கு வேண்டும். பயணச் செலவு தனி. பரிசுத்தொகை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது, தொலைக்காட்சி திரும்பிப் பார்ப்பதில்லை, தொண்ணூறுகளில் இருந்த போட்டிக் கூட்டமும் இன்று இல்லை. இதன் உறவுக்கார விளையாட்டான கைட் சர்ஃபிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்று, மார்செய் கடலில் பதக்கங்களுக்காக நடந்தது. அது மனிதரைப் பட்டம் இழுத்துக்கொண்டு போகும் பந்தயம். உடல் எடையும் வலுவும் அங்கே வெற்றியைத் தீர்மானிக்கும், ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பிரிவுகள். உலகப் புகழ் அதற்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் புகழ் வந்த விளையாட்டுக்கு இளமை தேவைப்படுகிறது, வராத விளையாட்டு எண்பது வயதுக்கும் இடம் வைத்திருக்கிறது. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வையெல்லாம் இதற்குக் கொடுப்பவர்கள் நஷ்டக் கணக்கு தெரியாதவர்கள் அல்லர். நாற்பது வருடம் முன்னேறிக்கொண்டே போகலாம் என்ற லாபத்தை அவர்கள் பெரிதாக நினைக்கிறார்கள். எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது.

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 2022 முதல் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்துவருகிறது. வெளிநாட்டுக் குழுக்கள் ராட்சதப் பட்டங்களைக் கொண்டுவந்து காட்டுகின்றன, கூட்டம் அலைமோதுகிறது. இன்னொரு பக்கம், உயிர்களைக் குடித்த நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடைசெய்தது. தடை அவசியம், ஆனால் பட்டத்தைப் பிடித்த கைக்கு மாற்று ஒன்றை நாம் காட்டவில்லை. கண்ணாடித்தூள் பூசாத கயிற்றில், யாருடைய பட்டத்தையும் அறுக்காமல் ஆடும் போட்டி அந்த மாற்றாக இருக்க முடியும். வேகமாகப் பாயும் பட்டம் ஆள்மேல் பட்டால் காயம்தான், இழுபட்ட கயிறும் வெட்டும். ஆகவே களத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்த வேண்டும். அடுத்த திருவிழாவில் கடற்கரையில் அப்படி ஒரு களத்தை இரட்டைக் கயிற்றுப் பட்டத்துக்கு ஒதுக்குங்கள். புதியவர்களுக்கான ஒரு போட்டி வையுங்கள். பெயர் கொடுக்க வருபவரிடம் வயதைக் கேட்காதீர்கள்.