ஒரே ஒரு எழுத்து மாறினால்...

'பால்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாழ்' என்று எழுதினால் அர்த்தமே கெட்டுவிடும். புரோகிராம் எழுதுறவங்களுக்கு இது பழகிப்போன தலைவலி. உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று நடக்கும் என்பது, சிக்கிள் செல் அனீமியா என்கிற அரிவாள் செல் சோகையைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

டிஎன்ஏவில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. செல் இதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். அந்தச் சரம் மடிந்தால் புரதம்.

சிவப்பணுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் ஒரு புரதம்தான். அதில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்துக்கான குறியீடு 'ஜிஏஜி', அதாவது குளூட்டாமிக் அமிலம். நடுவில் உள்ள 'ஏ' போய் 'டி' வந்தால் அந்த இடத்தில் வாலின் உட்கார்ந்துகொள்ளும். மற்ற 145-ம் அப்படியே இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு மாறினா என்ன ஆகிடும்? குளூட்டாமிக் அமிலத்துக்கு மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலின் எண்ணெய் மாதிரி, தண்ணீரை விட்டு ஒதுங்கப் பார்க்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் அதன் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. அப்போது இந்த வாலின், பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள ஒரு குழியில் போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகி, வட்டமான சிவப்பணுவைக் கதிர் அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த செல்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்தால் கடும் வலி. 120 நாள் இருக்க வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் உடைவதால் சோகை.

1949-ல் லைனஸ் பாலிங் குழு, இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினில் மின்னூட்டம் வேறுபடுவதைக் காட்டி, இதை 'மூலக்கூறு நோய்' என்றது. வித்தியாசம் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் என்று 1950களில் கண்டுபிடித்தவர் வெர்னான் இங்க்ராம்.

சரி, இவ்வளவு மோசமான பிழை ஏன் இன்னும் அழியவில்லை? அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இந்த மரபணு நமக்கு இரண்டு பிரதிகள். இரண்டிலும் இந்த மாற்றம் இருந்தால் நோய். ஒன்றில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. அதோடு கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆன்டனி அலிசன் 1954-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியா இருந்த ஊரில் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த எழுத்தும் அவர்களோடு பிழைத்துக்கொண்டது. பிழை என்று நான் சொன்னது பாதிதான் சரி.

நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. கணவன், மனைவி இருவருமே ஒரு பிரதி உள்ளவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இருவரையும் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னாலேயோ, குழந்தைக்கு முன்னாலேயோ அதைச் செய்துகொள்வது நல்லது.